சுழற்சியைக் கண்டவர்: லெயோன் ஃபூக்கோ

விடுமுறைக்கு ஊர் செல்லும் தொடர்வண்டி இரவில் ஏதோ ஒரு நிலையத்தில் நிற்கிறது. அடுத்த தண்டவாளத்தில் நிற்கும் வண்டி மெல்ல நகர்கிறது. நகர்வது அவ்வண்டியா, நம் வண்டியா என்று ஒரு கணம் மயங்குகிறோம். சாளரத்தையும் மூடிவிட்டால் மயக்கம் இன்னும் மிகும். ஒரே வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் வண்டிக்குள் இருப்பவர், வெளியே பாராமல் தாம் செல்வதை அறிய வழியே இல்லை. ஆனால் திரும்புதல் அத்தகையதன்று. வண்டி வளைவில் திரும்பினால், கண்ணை மூடியிருந்தாலும் உடல் அதை உணர்ந்துவிடும்.

நம்மைச் சுமந்து செல்லும் பூமியும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அது நாளுக்கு ஒரு முறையே சுழல்வதால் நம் உடல் அதனை உணர்வதில்லை. ஞாயிறும் விண்மீன்களும் எழுந்து மறைவதைக் கொண்டே அச்சுழற்சியை அறிஞர்கள் உய்த்துணர்ந்தனர். வானத்தைப் பாராமல், மூடிய அறைக்குள் இருந்தபடியே பூமி சுழல்வதைக் காண இயலுமா? இவ்வினாவுக்குத் தம் வீட்டு நிலவறையில் விடை கண்டவர் லெயோன் ஃபூக்கோ என்னும் பிரெஞ்சுக்காரர். இன்று வானூர்திகளும் கப்பல்களும் தாம் எவ்வளவு திரும்பினோம் என்பதைத் தாமே அறிந்துகொள்வதற்கு அவரே முதல் வழியமைத்தார்.

ஃபூக்கோ 1819ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். தந்தையார் நூல் வெளியிடுவோர். மகன் சிறுவனாக இருக்கும்பொழுதே அவர் மறைந்தார். தாயாரே ஃபூக்கோவை வளர்த்து ஆளாக்கினார். மெலிந்த உடலும் அடிக்கடி வரும் நோயும் உடைய அச்சிறுவன் பள்ளியில் ஒளிரவில்லை. வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படிக்கவேண்டிய நிலையும் ஏற்பட்டது. எதிர்காலத்தில் அறிவியலாளர் ஆவார் என்று அவரை அறிந்த எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

ஆனால் கைகள் மட்டும் ஓய்ந்திருக்கவில்லை. பதின்மூன்று வயது அளவில் அவர் ஒரு சிறு படகு செய்தார். பின்னர், அருகிலிருந்த தேவாலயக் கோபுரத்தின்மேல் நின்ற தந்திக் கருவியைப் பார்த்து, அதுபோல் ஒன்றைச் செய்தார். அதன்பின் நீராவிப் பொறி ஒன்றையும் செய்து இயக்கினார். இவ்வளவு நுட்பமான கைகள் அறுவை மருத்துவருக்கே உரியவை என்று வீட்டார் கருதினர். அவரும் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் இடர் நேர்ந்தது. குருதியைக் கண்டால் அவரால் தாங்க இயலவில்லை. மருத்துவப் படிப்பு பாதியில் நின்றது.

அங்கு ஆசிரியராக இருந்த ஆல்ஃபிரட் டோனே அவரைக் கைவிடவில்லை. நுண்ணோக்கியில் காணும் காட்சிகளைப் படம்பிடிக்கும் பணியில் தமக்கு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். ஒளிப்படக் கலை அப்பொழுதுதான் தோன்றியிருந்தது. ஃபூக்கோவும் அவர் நண்பர் ஃபிசோவும் சேர்ந்து 1845ஆம் ஆண்டு ஏப்ரலில் ஞாயிற்றையே படம்பிடித்தனர். அதே ஆண்டில் டோனே விட்டுச்சென்ற இடத்தில், பாரிசின் நாளிதழ் ஒன்றில் அறிவியல் செய்திகளை எழுதும் பொறுப்பும் ஃபூக்கோவுக்குக் கிடைத்தது. அவர் எழுத்து தெளிவாக இருந்தது. கூர்மையாகவும் இருந்தது. பெரியோர் பிழை செய்தாலும் சுட்டிக்காட்டத் தயங்காத அவ்வெழுத்து, அவருக்கு வாசகர்களைப் பெற்றுத் தந்ததுபோலவே பகைவர்களையும் பெற்றுத் தந்தது.

பாரிசில் அறிவியல் கழகம் என்னும் பெருமன்றம் இருந்தது. கணிதத்தில் தேர்ந்து, பெரிய கல்லூரிகளில் பட்டம் பெற்றோரே பெரும்பாலும் அதன் உறுப்பினர். ஃபூக்கோவிடம் அறிவியல் பட்டம் எதுவும் அப்பொழுது இல்லை. உயர்கணிதமும் அவருக்கு வாய்க்கவில்லை. கருவி செய்யும் கைகளும், கண்டதை விடாது எண்ணிப் பார்க்கும் மனமுமே அவருடைய முதல்.

கருவி ஒன்று செய்வதற்காக ஒருநாள் அவர் கடைசல் பொறியில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றைப் பொருத்தியிருந்தார். கம்பியின் நுனியைத் தட்டியதும் அது மேலும் கீழுமாக அதிர்ந்தது. பொறியைச் சுழற்றினார். கம்பியும் சேர்ந்து சுழன்றது. ஆனால் அதிர்வு மட்டும் மேலும் கீழுமாகவே நின்றது. கம்பியைப் பிடித்திருந்த பொறி திரும்பியும் அதிர்வின் திசை திரும்பவில்லை. கடைசல் பட்டறைகளில் பலரும் கண்டிருக்கக்கூடிய காட்சிதான் இது. ஃபூக்கோ அதில் பூமியைக் கண்டார்.

நீங்களும் இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு நூலில் சாவியைக் கட்டி ஆட்டிவிடுங்கள். பின்பு நூலைப் பிடித்துள்ள விரல்களை மெல்லத் திருகுங்கள். நூல் முறுக்கிக்கொள்ளும், சாவி ஆடும் திசை மாறாது. இனி, விரலுக்குப் பதிலாக வீட்டின் கூரை என்றும், கூரையோடு சேர்ந்து பூமியே திரும்புகிறது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். ஊசல் தன் திசையை விடாது ஆடும். அதன் கீழே தரை திரும்பிக்கொண்டு போகும். தரையில் நிற்கும் நமக்கோ, ஊசல்தான் மெல்ல மெல்லத் திசை மாறுவதுபோல் தோன்றும்.

தாயாரோடு வாழ்ந்த வீட்டின் நிலவறையில் ஃபூக்கோ இதனைச் சோதிக்கத் தொடங்கினார். வண்டிகள் ஓடும் தெருவின் அதிர்வு நிலவறையில் குறைவு, காற்றும் புகாது. 2 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியில் 5 கிலோகிராம் எடையுள்ள உலோக உருண்டையைத் தொங்கவிட்டார். முதல் முயற்சியில் கம்பி அறுந்து போயிற்று. அவர் மீண்டும் கட்டினார். உருண்டையைக் கையால் விட்டால், அறியாமலேயே சிறிது பக்கவாட்டில் தள்ளிவிட நேரும் அன்றோ? ஆகவே அதனை ஒரு நூலால் இழுத்துக் கட்டி, அது அசைவற்று நின்றபின் அந்நூலைத் தீயால் எரித்து விடுவித்தார். 1851ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள், நள்ளிரவு கடந்து 2 மணிக்கு, ஊசல் ஆடும் திசை மாறியிருப்பதைக் கண்டார். பூமி சுழல வேண்டிய திசைக்கு ஏற்பவே அம்மாற்றமும் இருந்தது.

நிலவறையில் ஒருவர் மட்டும் கண்டது உலகுக்குச் சான்றாகாது. பாரிசு வானாய்வகத்தின் தலைவரான அரகோ, அங்கிருந்த உயர்ந்த மண்டபத்தை அவருக்குத் திறந்துவிட்டார். பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள், பூமி சுழல்வதைக் காண வருமாறு நகரத்து அறிஞர்கள் அழைக்கப்பட்டனர். ஒரு கம்பியும் ஓர் உருண்டையும் தவிர அங்கு வேறொன்றும் இல்லை. அவ்வளவு எளிய, செலவு குறைந்த கருவி அது! உலகத்துப் பெருங்கணித வல்லுநர்கள் ஊசலைப் பற்றிப் பல நூல்கள் எழுதியிருந்தும், இதனை எதிர்பார்த்து எவரும் தேடியிருக்கவில்லை. ஃபூக்கோ காட்டியபின், அது அவ்வாறுதான் நிகழும் என்று கணக்கிட்டுக் காட்டுவதற்குப் பலர் முன்வந்தனர்.

அடுத்த மாதமே, நாட்டின் தலைவராக இருந்த லூயி நெப்போலியனின் ஆதரவோடு, பாந்தியோன் என்னும் மாபெரும் கட்டடத்தின் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோகிராம் உருண்டை தொங்கவிடப்பட்டது. அதன் அடியில் ஒரு கூர்முனை. கீழே வட்டமாக மணல் கரை. ஊசல் ஒவ்வொரு முறை திரும்பி வரும்பொழுதும் அக்கூர்முனை மணலைச் சற்றே தள்ளித் தள்ளி அறுத்தது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் இடைவெளி. கூட்டம் கூட்டமாக வந்த மக்கள், தம் காலடியில் உள்ள தரை திரும்புவதை மணலில் கண்டனர்.

ஊசலின் திசை நாளொன்றுக்கு ஒரு முழு வட்டம் திரும்பவில்லை என்பதே பலரையும் குழப்பியது. பாரிசில் அது முழு வட்டம் சுற்றுவதற்கு 32 மணி நேரம் அளவு ஆயிற்று. வடமுனையில் நின்றால் காலடித் தரை நாளுக்கு ஒரு முறை முழுமையாகத் திரும்பும். நிலநடுக்கோட்டில் நின்றாலோ, பூமி நம்மைச் சுமந்து செல்லுமேயன்றிக் காலடித் தரை திரும்பாது. இடைப்பட்ட ஊர்களில், நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதற்கு ஏற்ப அது மாறும். இவ்விதியையும் ஃபூக்கோவே கூறினார். முறையான கணித நிறுவல் இன்றி அவர் கூறியது முற்றிலும் சரியாக இருந்தது வியப்புக்குரியது.

புதுதில்லியில் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடத்தின் அரசமைப்பு மண்டபத்தில் ஃபூக்கோவின் பெயரால் ஓர் ஊசல் தொங்குகிறது. 36 கிலோகிராம் எடையுள்ள அவ்வூசல் ஒரு முழு வட்டம் சுற்ற ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகிறது. கொல்கத்தாவில் தொங்கவிட்டால் 62 மணி நேரத்துக்கு மேலாகும். அதே ஊசலைச் சென்னையில் தொங்கவிட்டால் முழு வட்டத்துக்கு நான்கு நாளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். நாம் வாழும் ஊரும் நம் சொந்த ஊரும் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வெவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை ஓர் ஊசலே சொல்லிவிடும்.

புகழ் பரவியது. ஆயினும் ஃபூக்கோவுக்கு நிறைவில்லை. ஊருக்கு ஊர் மாறும் இவ்விதி பொதுமக்களுக்கு எளிதில் விளங்கவில்லை. ஊசலோ கூரையோடு கட்டப்பட்டது. பூமி தன் பிடியை அதன்மேல் வைத்தே இருக்கிறது. எதனோடும் ஒட்டாமல், வானத்தில் ஒரு திசையை மட்டுமே நோக்கி நிற்கும் பொருள் ஒன்று வேண்டும் என்று எண்ணினார். விடை நம் சிறுவர்கள் தெருவில் ஆடும் பம்பரத்தில் உள்ளது. விரைந்து சுழலும் பம்பரம் தன் அச்சை எளிதில் சாயவிடாது. கனமான வெண்கலச் சக்கரம் ஒன்றை, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளையங்களில் ஃபூக்கோ பொருத்தினார். வளையங்கள் எத்திசையிலும் தடையின்றித் திரும்பக்கூடியவை. ஆகவே வெளியே உள்ள சட்டம் எப்படித் திரும்பினாலும் சக்கரத்தின் அச்சு தன் திசையை மாற்றாது.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. சக்கரத்தின் எடை மயிரிழை அளவு ஒருபுறம் மிகுந்தாலும் அச்சு தானாகவே திரும்பிவிடும். பாரிசின் தலைசிறந்த கருவிக் கலைஞரான ஃப்ரோமான் அதனைச் செய்து கொடுத்தார். பற்சக்கரங்கள் கொண்ட தனிப் பொறியில் வைத்துக் கையால் முடுக்கி, நொடிக்கு 150 முறைக்கும் மேல் சுழலச் செய்து, பின் வளையங்களுக்குள் இறக்கினர். பத்து நிமிடம் அளவே அச்சுழற்சி நிலைத்தது. அதற்குள் பூமி மிகச் சிறிதே திரும்பும் ஆதலால், நுண்ணோக்கி வைத்துத்தான் அம்மாற்றத்தைக் காண முடிந்தது. ஆயினும் கண்டனர். 1852ஆம் ஆண்டு ஃபூக்கோ இக்கருவிக்குக் கிரேக்கச் சொற்களால் கைரோஸ்கோப் என்று பெயரிட்டார். சுழற்சியைக் காட்டுவது என்பது அதன் பொருள். அச்சினைக் கிடைமட்டமாக மட்டும் திரும்பும்படி கட்டுப்படுத்தினால், காந்தம் இல்லாமலே அது வடக்கு நோக்கி நிற்கும் என்பதையும் அவர் அன்றே அறிவித்தார்.

ஊசலுக்குக் கம்பியும் உருண்டையும் போதும், எவரும் செய்யலாம். கைரோஸ்கோப்போ மிகுந்த பொருட்செலவும் கைத்திறனும் வேண்டுவது. ஆனால் ஊசலைக் கடலலைமேல் ஆடும் கப்பலில் கொண்டுசெல்ல இயலாது. பயன் மிகுந்தது விலை மிகுந்ததாகவும் விலை குறைந்தது பயணத்துக்கு உதவாததாகவும் அமைந்த இச்சிக்கலை ஃபூக்கோவால் தீர்க்க முடியவில்லை. அது தீர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

அவருடைய பிற பணிகளும் பல. ஒளி, காற்றைவிட நீரில் மெதுவாகச் செல்கிறது என்பதை 1850இல் சுழலும் கண்ணாடியைக் கொண்டு மெய்ப்பித்தார். அதனை விரிவாக எழுதி 1853இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1862இல் ஒளியின் வேகம் நொடிக்கு 2,98,000 கிலோமீட்டர் என்று அளந்தார். இன்று நாம் அறிந்த அளவுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வெள்ளி பூசிய கண்ணாடியால் தொலைநோக்கி செய்யும் முறையையும், அக்கண்ணாடியின் வளைவு பழுதற்றதா என்று கத்தி முனையொன்றை வைத்தே சோதிக்கும் முறையையும் வகுத்தார். தொலைநோக்கியைத் தாமே செய்வோர் இன்றும் அச்சோதனையைச் செய்கின்றனர்.

இங்கிலாந்தின் அரச கழகம் 1855இல் தன் உயர்ந்த பதக்கத்தை அவருக்கு அளித்தது. ஆனால் சொந்த நாட்டு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது 1865இல்தான். ஊசல் கண்ட நாளிலிருந்து பதினான்கு ஆண்டுகள்! பட்டறையிலிருந்து வந்த ஒருவரைத் தம்மோடு அமர்த்திக்கொள்ள அவர்களுக்கு அவ்வளவு காலம் ஆயிற்று. ஏற்றபின் காலம் நெடிது இருக்கவில்லை. ஈராண்டுகளில் அவரை வாத நோய் பற்றியது. முதலில் கை மரத்தது. பின்பு நாவும் தடைப்பட்டது. சிந்தனையைக் கையால் செய்த மனிதரிடமிருந்து நோய் முதலில் பறித்தது கையைத்தான். 1868ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், 48 வயதில் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற சிக்கல் அப்படியே இருந்தது. இரும்புக் கப்பல்கள் பெருகியபொழுது காந்தத் திசைகாட்டி அவற்றுக்குள் தடுமாறியது. மின்னோட்டம் கொண்டு சக்கரத்தை இடைவிடாது சுழற்ற முடிந்தபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அன்ஷூட்ஸும் அமெரிக்காவில் ஸ்பெரியும் ஃபூக்கோவின் கைரோஸ்கோப்பைக் கப்பலின் திசைகாட்டியாக்கினர். ஆனால் சுழலும் சக்கரம் தேயும், பழுதுபடும், விலையும் மிகுதி.

சக்கரமே இல்லாமல் சுழற்சியை அறியும் வழியை 1913இல் சான்யாக் என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர் காட்டினார். வட்டமான ஓட்டத்திடலில் இருவர் ஒரே கொடிக் கம்பத்திலிருந்து எதிரெதிர்த் திசையில் ஒரே வேகத்தில் ஓடுவதாகக் கொள்ளுங்கள். ஓடும்பொழுது ஒருவர் அக்கம்பத்தைத் திடலின் ஓரமாக மெல்ல நகர்த்துகிறார். கம்பம் நகரும் திசையில் ஓடுபவர் அதனை அடையச் சற்றுக் கூடுதல் தொலைவு ஓட வேண்டும். எதிரே வருபவர் முன்னதாகவே அடைந்துவிடுவார். ஒளிக்கும் அவ்வாறே. சுழலும் மேடைமேல் இருபுறமாகச் சுற்றிவரும் இரு ஒளிக்கதிர்கள் ஒன்றுசேரும்பொழுது, அவற்றிடையே உள்ள சிறு முன்பின் வேறுபாடு ஒளியின் மிகுதி குறைவாகத் தெரியும். அதனை அளந்தால் மேடை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அறியலாம்.

அவ்வேறுபாடு மிக மிகச் சிறியது. வட்டம் பெரிதானால்தான் அது தெரியும். 1925இல் அமெரிக்காவில் மைக்கல்சன் என்னும் அறிஞர் பூமியின் சுழற்சியை ஒளியால் அளக்க விரும்பி, 600 மீட்டருக்கும் மேல் நீளமும் 300 மீட்டருக்கும் மேல் அகலமும் கொண்ட குழாய்ச் சதுக்கம் ஒன்றை நிலத்தில் அமைக்க வேண்டியிருந்தது. அதனை எந்தக் கப்பல் சுமக்கும்? 1960களில் லேசர் ஒளியைக் கொண்டு சிறு கருவி செய்தனர். அதற்குப் பழுதற்ற கண்ணாடிகள் வேண்டியிருந்தமையால் விலை இறங்கவில்லை.

1976இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலி, ஷார்ட்ஹில் ஆகிய இருவர், தலைமயிர் போன்ற கண்ணாடி இழையைப் பல சுற்றுகளாகச் சுற்றி அதனுள் ஒளியை இருபுறமும் செலுத்தினர். பெரிய வட்டத்துக்குப் பதில் சிறிய வட்டமே பல நூறு முறை! ஒரு கிலோமீட்டர் நீள இழையும் கையில் அடங்கும் சுருளாகிவிடுகிறது. தொலைபேசிச் செய்திகளை அனுப்புவதற்காக அவ்விழையும் சிறு லேசரும் பெருமளவில் செய்யப்பட்டமையால் அவற்றின் விலை ஆண்டுதோறும் இறங்கிற்று. ஆயினும் சுருளின் ஒருபுறம் மட்டும் வெப்பம் பட்டால் கருவி பொய் சொல்லும். அதனால் இழையை நடுவிலிருந்து தொடங்கி, இரு பாதிகளும் அடுத்தடுத்து அமையுமாறு முறைமாற்றிச் சுற்றுகின்றனர். வெப்பம் இரு கதிர்களையும் ஒருங்கே தொடும். பொய் ஒன்றையொன்று கழித்துவிடும். நூல் கண்டு சுற்றுவது போன்ற இவ்வேலையில்தான் கருவியின் தரமும் விலையும் பெரிதும் அடங்கியுள்ளன.

இதைவிட மலிவான கைரோஸ்கோப் இன்று பல கைப்பேசிகளில் உள்ளது. அதனுள் சக்கரமும் இல்லை, ஒளியும் இல்லை. மணல் துகள் போன்ற சிலிக்கான் துண்டு ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கிறது. கைப்பேசியைத் திருப்பினால் அவ்வதிர்வு தன் திசையிலேயே நிற்க முயல்கிறது. கடைசல் பொறியில் ஃபூக்கோ கண்ட எஃகுக் கம்பியின் அதிர்வுதான் அது. ஆனால் அத்துண்டின் கணக்கில் சிறு பிழைகள் விரைந்து சேர்ந்துவிடும். பூமி திரும்பும் மெல்லிய வேகம் அப்பிழைகளுக்குள் மறைந்துபோகும். செயற்கைக்கோளின் குறிப்பு எட்டாத கடலடியிலும் சுரங்கத்திலும் நெடுநேரம் வழி தவறாது செல்ல வேண்டிய ஊர்திக்கு அது போதாது. அங்கே இழைச் சுருள் வேண்டும்.

நன்கு செய்த இழைச் சுருளைச் சென்னையில் ஒரு மேசைமேல் கிடையாக, அசையாமல் வைத்தால், அது மணிக்கு ஏறத்தாழ மூன்றரைப் பாகை திரும்புவதாகக் காட்டும். தில்லியில் வைத்தால் ஏழு பாகைக்குச் சற்று மேல். பாரிசில் வைத்தால் பதினொரு பாகை. அந்நிலவறையில் ஊசல் திரும்பியதும் அதே வேகத்தில்தான்.